தாமதம் குடியிருக்கும் இடம்: வீடியோ என்கோடிங்கில் வேகம் தேடிய வரலாறு

ஒரு மணி நேர வீடியோவை என்கோடிங் செய்ய ஐந்து மணி நேரம் ஆனால், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் உடனே வரும் முடிவு ஒன்றுதான்: மிஷினுக்குத் திறன் போதவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பிராசசர் முப்பது சதவீதம்கூட வேலை செய்யாமல் இருக்கும். அப்போதும் அந்த முடிவு மாறுவதில்லை. இரண்டு மடங்கு கோர் உள்ள புது மிஷின் வாங்கப்படுகிறது. ஐந்து மணி நேரம் நாலரை மணி நேரமாகிறது. செலவழித்த பணம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை அந்த மிஷினுக்குள் இல்லை. கடந்த ஐம்பது ஆண்டுகளில் வீடியோவைச் சுருக்கும் தொழில் வளர்ந்த விதத்தில் இருக்கிறது. இந்தத் தொழிலில் தாமதம் ஒருபோதும் முழுதாக ஒழிந்ததில்லை. ஓரிடத்தில் அதை விரட்டியதும் வேறோர் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. முதலில் பெருக்கல் கணக்கில் இருந்தது, பிறகு தேடலில், பிறகு வேலைகளின் வரிசையில், பிறகு தரவு வந்துசேரும் வழியில். இன்று ஒருவருடைய வீடியோ மெதுவாக ஓடுகிறது என்றால், இந்த நான்கில் எதில் தாமதம் குடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதைக் கண்டுபிடிக்காமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் நேற்றைய நோய்க்கு இன்று மருந்து கொடுப்பதாகவே முடியும்.

என்கோடிங் ஏன் இயல்பிலேயே மெதுவான வேலை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முதல் தலைமுறை சிடி-ரோம் டிரைவ் விநாடிக்கு 150 கிலோபைட் படித்தது, அதாவது 1,53,600 பைட். 352-க்கு 288 பிக்சல் அளவுள்ள சிறிய படத்தின் ஒரே ஒரு பிரேம், சுருக்காத நிலையில் 1,52,064 பைட் இடம் பிடிக்கும். விநாடிக்கு முப்பது பிரேம் வேண்டிய இடத்தில் அந்த டிரைவால் ஒரே ஒரு பிரேமைத்தான் கொண்டுவந்து கொடுக்க முடியும். இந்த இடைவெளியை யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும். பார்ப்பவரின் வீட்டில் இருக்கும் கருவி மலிவானது. அதன் தலையில் அந்தச் சுமையை ஏற்ற முடியாது. ஆகவே, சுமை முழுவதும் அனுப்புபவர் பக்கம் தள்ளப்பட்டது. 1987-ல் அமெரிக்காவின் சார்னாஃப் ஆய்வு மையம் அறிமுகப்படுத்தி, மறு ஆண்டு இன்டெல் நிறுவனத்தின் கைக்குப் போன டிவிஐ என்ற முறையில் இந்தப் பாகுபாடு கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. நல்ல தரம் வேண்டும் என்றால் வாடிக்கையாளர் தன் வீடியோ நாடாவைச் சுருக்கும் மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பல பிராசசர்களைக் கொண்ட பெரிய கணினி நெடுநேரம் எடுத்துக்கொண்டு அதைச் சுருக்கித் தரும். உடனே வேண்டும் என்பவருக்கு, மேசைக் கணினியிலேயே நிகழ்நேரத்தில் சுருக்கும் இன்னொரு முறையும் இருந்தது. அதில் படத்தின் தரம் குறைவு. இன்று என்கோடர் செட்டிங்கில் ‘ஃபாஸ்ட்’, ‘ஸ்லோ’ என்று இருக்கும் தேர்வுக்கும் அன்றைய இந்தத் தேர்வுக்கும் சாராம்சத்தில் வேறுபாடில்லை.

இந்தப் பாகுபாட்டைச் சர்வதேசத் தரங்கள் நிலைப்படுத்தின. வீடியோ தொலைபேசிக்கான எச்.261 தரம் 1988-ல் உருவாகி 1990-ல் திருத்தம் பெற்றது. அதே 1988-ல் லியோனார்டோ கியாரிலியோனே, ஹிரோஷி யசுதா ஆகியோரின் முயற்சியில், வீடியோவுக்கான தரங்களை வகுக்கும் எம்பெக் குழு தொடங்கியது. இந்தத் தரங்கள் எல்லாம் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தன: சுருக்கப்பட்ட கோப்பு எப்படி இருக்க வேண்டும், டிகோடர் அதை எப்படிப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் அவை வரையறுத்தன. என்கோடர் அந்தக் கோப்பை எப்படி உருவாக்க வேண்டும் என்று ஒரு வரிகூடக் கட்டளையிடவில்லை. தொலைநோக்குள்ள முடிவு இது. வீடுகளில் இருக்கும் பெட்டியை மாற்றாமலே, ஒளிபரப்பு நிலையத்தில் உள்ள என்கோடரை மட்டும் மேம்படுத்தி, அதே அலைவரிசையில் இன்னும் நல்ல படத்தைக் கொடுக்க இது வழி திறந்தது. ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. எவ்வளவு தேடலாம் என்பதற்குத் தரத்தில் மேல்வரம்பு இல்லாததால், எவ்வளவு நேரம் ஆகலாம் என்பதற்கும் மேல்வரம்பு இல்லாமல் போயிற்று. மெதுவான என்கோடிங் என்பது பெரும்பாலும் ஒரு கோளாறாக இருப்பதில்லை. இன்னும் கொஞ்சம் தேடிப் பார் என்று யாரோ, அநேகமாகத் தன்னை அறியாமலே பயனரே, இட்ட உத்தரவின் விளைவாக இருக்கிறது.

தாமதம் முதலில் குடியிருந்தது பெருக்கல் கணக்கில். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, படத்தைக் கொசைன் அலைகளின் கூட்டாக மாற்றிச் சுருக்கும் யோசனையை 1972-ல் முன்வைத்து அரசு அறிவியல் அமைப்பிடம் நிதி கேட்டார். யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று சொல்லி நிதி மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை. மாணவர் நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ராவ் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். டிசிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மாற்றம், ஜேபெக் படங்களிலிருந்து டிவிடி வரை எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. ஆனால், சூத்திரத்தை அப்படியே போட்டால், எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட ஒரு சிறு கட்டத்துக்கு 4,096 பெருக்கல்கள் தேவை. முதலில் வரிசைகளுக்கும் பிறகு நெடுக்குகளுக்கும் என்று பிரித்துச் செய்தால் அது 1,024 ஆகக் குறையும். 1977-ல் சென், ஸ்மித், ஃபிராலிக் ஆகிய மூவரும் எட்டு எண்களுக்கான மாற்றத்தைப் பதினாறே பெருக்கல்களில் முடிக்கும் வழியைக் காட்டினார்கள். அதன்படி ஒரு கட்டத்துக்கு 256 பெருக்கல்கள் போதும். பதினாறு மடங்கு வேகம் கிடைத்தது. அதற்காக எந்தச் சிப்பும் மாற்றப்படவில்லை. 2003-ல் வந்த எச்.264 தரம் இன்னும் ஒரு படி போய், கூட்டலும் இட நகர்த்தலும் மட்டும் போதுமான முழு எண் மாற்றத்தை எடுத்துக்கொண்டது. பெருக்கலில் இருந்த தாமதம் அத்தோடு ஏறக்குறைய வெளியேறிவிட்டது.

வெளியேறிய தாமதம் தேடலில் குடியேறியது. வீடியோவில் அடுத்தடுத்த பிரேம்கள் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். ஓடும் பேருந்து சற்று நகர்ந்திருக்கும், பின்னால் உள்ள கட்டடம் அப்படியே இருக்கும். எனவே ஒவ்வொரு பிரேமையும் புதிதாக எழுதாமல், இந்தக் கட்டம் முந்தைய பிரேமில் எந்த இடத்திலிருந்து நகர்ந்து வந்தது என்று மட்டும் எழுதினால் போதும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பதினாறுக்குப் பதினாறு பிக்சல் கட்டம் ஒன்றை எடுத்து, நான்கு திசையிலும் பதினைந்து பிக்சல் தூரம் வரை ஒவ்வோர் இடத்திலும் பொருத்திப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 961 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 பிக்சல் வித்தியாசங்களைக் கண்டு கூட்ட வேண்டும். ஒரே கட்டத்துக்கு 2,46,016 கழித்தல்கள். முன்பு சொன்ன சிறிய படத்தில் அப்படி 396 கட்டங்கள். விநாடிக்கு முப்பது பிரேம் என்றால் ஏறக்குறைய 292 கோடி கழித்தல்கள். கைப்பேசித் திரையைவிடச் சிறிய படத்தின் ஒரே ஒரு விநாடிக்கு இத்தனை. 1980-களின் எந்த மேசைக் கணினியாலும் இதை நெருங்கக்கூட முடியாது.

இதற்குத் தீர்வு வேகமான மிஷினிலிருந்து வரவில்லை. எதைத் தேடாமல் விடலாம் என்ற யோசனையிலிருந்து வந்தது. 1981-ல் ஜஸ்வந்த் ஜெயின், அனில் ஜெயின் ஆகியோரின் ஆய்வும், ஜப்பானில் கோகாவும் உடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த மூன்று படித் தேடலும் ஒரே நம்பிக்கையில் நின்றன: சரியான இடத்தை நெருங்க நெருங்க வித்தியாசம் குறைந்துகொண்டே வரும் என்றால், எல்லா இடத்தையும் பார்க்க வேண்டியதில்லை, சரிவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் இறங்கினால் போதும். ஏழு பிக்சல் தூரத்துக்குள் முழுத் தேடல் 225 இடங்களைப் பார்க்கிறது. மூன்று படித் தேடல் 25 இடங்களோடு நிறுத்திக்கொள்கிறது. ஒன்பதில் ஒரு பங்கு வேலை. ஆனால், அந்த நம்பிக்கை எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. அலையடிக்கும் நீர், புகை, இரவுக் காட்சியின் புள்ளி இரைச்சல், கூட்டத்தின் மேல் விழும் காகிதத் துண்டுகள் ஆகியவற்றில் சரிவு ஒரே பக்கமாக இருப்பதில்லை. நீண்ட தேடல் செய்யும் என்கோடர் அங்கே தடுமாறும், நேரம் கூடும். ஒரே மிஷின், ஒரே செட்டிங், ஒரே நீளமுள்ள இரண்டு வீடியோக்கள் இரு வேறு வேகத்தில் ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வெளிச்சம் போதாத மண்டபத்தில் எடுத்த படம் மெதுவாக ஓடுகிறது என்றால், தாமதத்தின் வேர் கேமரா இருந்த இடத்திலேயே இருக்கிறது.

1990-களின் பின்பாதியில் சிப் தயாரிப்பாளர்கள் தேடலுக்கு நேரடியாகக் கைகொடுத்தார்கள். 1997-ல் வந்த பென்டியம் எம்எம்எக்ஸ் சிப், ஒரே கட்டளையில் எட்டுச் சிறிய எண்களை ஒன்றாகக் கையாண்டது. 1999-ல் பென்டியம் 3 சிப்பில் ஒரு புதுக் கட்டளை சேர்ந்தது: எட்டு ஜோடிப் பிக்சல்களின் வித்தியாசங்களைக் கண்டு, குறியை நீக்கி, கூட்டியும் கொடுத்துவிடும். 256 கழித்தலும் அதன் கூட்டலும் 32 கட்டளைகளில் அடங்கின. அடுத்து வந்த பதினாறு எண் அகலத்தில் அது 16 ஆயிற்று. பொதுப் பயன்பாட்டுச் சிப்புக்குள் இந்த ஒரு வேலைக்காகவே செதுக்கியதுபோல் ஒரு கட்டளை வந்தது, தேடல் எவ்வளவு பெரிய சுமையாக இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால், அந்தக் கட்டளைகள் தாமாக வேலை செய்துவிடாது. எக்ஸ்264 போன்ற திறந்த மூல என்கோடர்களை எழுதியவர்கள், சிப்பின் தலைமுறைக்குத் தலைமுறை அசெம்பிளி மொழியில் கைப்பட எழுதித்தான் அந்த வேகத்தை வெளியே கொண்டுவந்தார்கள். இதில் நோய் காண்பவருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அந்த அசெம்பிளிப் பகுதிகள் சேராமல் தொகுக்கப்பட்ட என்கோடர், அதே சிப்பில் பல மடங்கு மெதுவாக ஓடும். மிஷினில் குறை இருக்காது; நிறுவிய மென்பொருளில் இருக்கும்.

2004-ல் ஒரு சகாப்தம் முடிந்தது. கடிகார வேகத்தை மேலும் மேலும் ஏற்றினால் வெப்பத்தைத் தாங்க முடியவில்லை என்ற நிலையில், இன்டெல் தன் அடுத்த பென்டியம் திட்டத்தைக் கைவிட்டது. மறு ஆண்டு இரட்டைக் கோர் சிப்புகள் மேசைக் கணினிக்கு வந்தன. அதுவரை என்கோடர் எழுதியவர் ஒன்றும் செய்யாமலே ஒவ்வோர் ஆண்டும் வேகம் கூடிக்கொண்டிருந்தது. இனி வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்தால்தான் வேகம். வீடியோச் சுருக்கமோ பங்கு போட எளிதில் இணங்காத வேலை. இந்தக் கட்டம் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து எழுதப்படுகிறது, இந்தப் பிரேம் முந்தைய பிரேமைப் பார்த்து எழுதப்படுகிறது. கடைசியில் பிட்டுகளாக அடுக்கும் படியில் ஒவ்வொரு குறியும் தனக்கு முன் வந்தவற்றின் புள்ளிவிவரத்தைச் சார்ந்திருக்கிறது. சுருக்கம் என்பதே ஒன்றை இன்னொன்றிலிருந்து ஊகிப்பது. ஊகிக்க வேண்டும் என்றால் முந்தையது முடிந்திருக்க வேண்டும். ஜீன் ஆம்டால் 1967-லேயே இதன் எல்லையைச் சொல்லியிருந்தார். வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க முடியாது என்றால், பதினாறு கோர் 6.4 மடங்கு வேகம் தரும். அறுபத்து நான்கு கோர் 8.8 மடங்கோடு நின்றுவிடும். எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் பத்து மடங்கைத் தாண்டாது.

2013-ல் நிறைவடைந்த எச்இவிசி தரம் இந்தச் சிக்கலுக்குள்ளேயே ஒரு வழியைக் கட்டியது. வயலில் வரிசையாக நாற்று நடுபவர்களைப்போல, மேல் வரிசை இரண்டு கட்டம் முன்னால் போனதும் அடுத்த வரிசை தொடங்கலாம் என்ற ஏற்பாடு அது. 1080 வரி கொண்ட முழு எச்டி பிரேமில் 64-க்கு 64 அளவுக் கட்டங்கள் நெடுக்கில் 17, குறுக்கில் 30, மொத்தம் 510. கடைசி வரிசை தொடங்கவே முப்பத்திரண்டு படி காத்திருக்க வேண்டும். பிறகு முப்பது படி. ஆக, 510 கட்டங்களை 62 படிகளில் முடிக்கலாம். சராசரியாக ஒரே நேரத்தில் எட்டுக் கட்டங்களுக்குச் சற்று மேல். 720-க்கு 576 அளவுள்ள பழைய வீடியோவில் 9 வரிசை, 12 நெடுக்கு. 108 கட்டங்களுக்கு 28 படிகள். சராசரி நாலுக்கும் குறைவு. பல பிரேம்களை ஒரே நேரத்தில் எடுத்து இதைச் சற்றுப் பெருக்கலாம்; ஆனால், முந்தைய பிரேமைப் பார்த்து எழுத வேண்டிய கட்டாயம் அங்கேயும் பிடித்து இழுக்கும். பிராசசர் முப்பது சதவீதம்தான் ஓடுகிறது என்ற பரவலான குறைக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. சிறிய படத்தைப் பெரிய மிஷினில் போட்டால் மீதிக் கோர்களுக்குக் கொடுக்க வேலையே இருக்காது. அங்கே உதவும் வழி வேறு: ஒரு வீடியோவை மூன்று துண்டாக்கியோ, மூன்று வீடியோக்களை ஒரே நேரத்திலோ ஓட்டுவது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் படத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பல கணினிகளுக்கு அனுப்பிச் சேர்ப்பது இந்தத் தருக்கத்தில்தான்.

நான்காவது இடம் பெரும்பாலோர் கண்ணில் படாதது: தரவு வந்துசேரும் வழி. சுருக்காத முழு எச்டி பிரேம் ஒன்று 31,10,400 பைட். விநாடிக்கு 25 பிரேம் என்றால் கிட்டத்தட்ட 7.8 கோடி பைட். யுஎஸ்பி 2.0 இணைப்பின் ஏட்டளவு உச்சம் விநாடிக்கு 6 கோடி பைட். அந்த இணைப்பில் மாட்டிய ஹார்ட் டிஸ்கிலிருந்து சுருக்காத வீடியோவைப் படித்தால், உலகின் மிக வேகமான என்கோடரும் பாதி நேரம் கைகட்டிக்கொண்டு நிற்கும். கோப்பு ஏற்கெனவே சுருக்கியிருந்தால் டிஸ்கின் பாரம் குறையும். ஆனால், அதை முதலில் பிரித்தாக வேண்டும், அந்த வேலையும் அதே பிராசசரின் மேல் விழும். இடையில் பில்டர்கள் வேறு. இரண்டாயிரமாம் ஆண்டு வாக்கில் அவிசின்த் என்ற மென்பொருள் புழக்கத்துக்கு வந்தது. பழைய டிவி நாடாக்களின் வரிப் பின்னலைச் சரிசெய்யவும் புள்ளி இரைச்சலைத் துடைக்கவும் அதன் வழியாகப் பிரேம்களை என்கோடருக்கு ஊட்டுவது வழக்கமாயிற்று. அதன் பில்டர்கள் பல ஒரே கோரில் ஓடுபவை. கோர்கள் பெருகப் பெருக என்கோடர் வேகமாயிற்று, ஊட்டும் கை மட்டும் ஒன்றாகவே இருந்தது. சோறு வடித்தாயிற்று, பரிமாற ஒரே ஆள் என்ற நிலை. என்கோடரின் செட்டிங்கை எவ்வளவு மாற்றினாலும் வேகம் அசையாமல் இருப்பது இந்த நோயின் அடையாளம்.

அப்படியானால் நோய் காண ஒரு வரிசை கிடைக்கிறது. அதை வரலாறு தலைகீழாக எழுதிவைத்திருக்கிறது என்று சொல்லலாம். கடைசியாகக் குடியேறிய இடத்திலிருந்து தொடங்கி முதல் இடம் நோக்கிப் போக வேண்டும். முதலில் என்கோடிங் எதுவும் செய்யாமல், கோப்பைப் பிரித்துப் படிக்க மட்டும் சொல்லிப் பார்ப்பது. அதுவே மெதுவாக இருந்தால் என்கோடர் நிரபராதி. அடுத்து பில்டர்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது. அடுத்து ஒவ்வொரு கோரின் வரைபடத்தையும் தனித்தனியே பார்ப்பது: ஒன்று மட்டும் நூறைத் தொட்டு மற்றவை படுத்திருந்தால் வரிசையில் சிக்கல், எல்லாம் அரைகுறையாக இருந்தால் படம் சிறியது. முதல் ஐந்து நிமிடம் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஓடினால் வெப்பம். லேப்டாப்பின் சிப் தன்னைக் காத்துக்கொள்ளக் கடிகாரத்தைக் குறைத்துவிட்டது. எல்லாக் கோரும் நூறில் நின்று, வெப்பமும் சீராக இருந்தால்தான் தாமதம் தேடலில் இருக்கிறது என்று பொருள். ‘ஃபாஸ்ட்’, ‘ஸ்லோ’ என்ற பிரீசெட்டைத் தொட வேண்டிய இடமும், புது மிஷின் வாங்குவதில் நியாயம் இருக்கும் இடமும் அது ஒன்றே. டொனால்ட் நூத் 1971-ல் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து, நிரலின் நான்கு சதவீதத்துக்கும் குறைவான பகுதி ஓடும் நேரத்தில் பாதிக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது என்று கண்டார். எழுதியவர்களே அந்தப் பகுதியை ஊகத்தால் சரியாகச் சொல்ல முடியாததால்தான் அளவீட்டுக் கருவிகள் தோன்றின. என்கோடிங்கில் ஊகம் அதைவிடவும் தவறும், ஏனென்றால் தாமதம் நிரலுக்கு வெளியேயும் இருக்கலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2011-ல் இன்டெல் சிப்பிலும், 2012-ல் என்விடியா கார்டிலும் என்கோடிங்குக்கென்றே தனிச் சுற்று வந்துவிட்டது. கைப்பேசி நிகழ்நேரத்தில் 4கே வீடியோவைச் சுருக்குகிறது. இனி இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சுற்றுகள் பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால், அவை தேடலை வென்றுவிடவில்லை; தேடலின் அளவை முன்கூட்டியே நிர்ணயித்துச் சிலிக்கானில் பொறித்துக்கொண்டன. குறித்த நேரத்துக்குள் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவு பார்த்து நிறுத்திக்கொள்வது அவற்றின் வழி. முதல் தலைமுறைகளில் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாக வந்தது இதனால்தான். மேலும், என்கோடிங் சுற்று வேகமாகும்போது தாமதம் மற்ற மூன்று இடங்களுக்குத்தான் ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்கும் பிராசசரின் நினைவகத்துக்கும் இடையே ஒவ்வொரு பிரேமும் போய்வந்தால், அந்தப் பயணமே பெரும்பகுதி நேரத்தைத் தின்றுவிடும். 2021-ல் யூடியூபுக்காகத் தனிச் சிப் செய்த கூகுள் பொறியாளர்கள், முன்பிருந்த ஏற்பாட்டைவிடக் கணினிச் செயல்திறன் 20 முதல் 33 மடங்கு கூடியதாக அறிவித்தார்கள். அந்த ஆக்கத்தில் சிப் ஒரு பகுதிதான். வேலையை எப்படிப் பிரிப்பது, எங்கே அனுப்புவது, நினைவகத்தை எப்படிக் காப்பது என்பனவும் சேர்ந்தே வடிவமைக்கப்பட்டன.

இன்னொரு மறுப்பு, புதுக் கோடெக்குகள் வேண்டாத சுமை என்பது. எச்.264 போதுமானதாக இருக்கும்போது, பல மடங்கு நேரம் தின்னும் புதியவற்றை ஏன் தலையில் கட்டுகிறார்கள் என்ற ஆதங்கம் புரிகிறது. எச்இவிசியில் 64-க்கு 64 கட்டம் ஒன்றை எட்டுக்கு எட்டு வரை நாலு நாலாகப் பிரித்துக்கொண்டே போகும் வழிகளை எண்ணினால் 83,522 வருகிறது. அத்தனையையும் பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால், கீழிருந்து மேலாகப் போய், ஒவ்வொரு நான்கு சிறு கட்டத்தையும் அவற்றை அடக்கிய பெரிய கட்டத்தோடு ஒப்பிட்டால், 85 கட்டங்களை மதிப்பிட்டாலே அந்த 83,522-க்கும் விடை கிடைத்துவிடும். இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளுக்குக் காலம் தேவை. எச்இவிசிக்கான எக்ஸ்265 என்கோடரை மல்டிகோர்வேர் நிறுவனம் 2013 முதல் வளர்த்ததில் சென்னைப் பொறியாளர்களின் உழைப்பும் உண்டு; தலைமுறைக்குத் தலைமுறை அது வேகமானது. 2018 மார்ச்சில் ஏவி1 என்ற கோடெக் வெளியானபோது அதன் முதல் என்கோடர் நடைமுறைக்கு ஆகாத அளவுக்கு மெதுவாக இருந்தது. 2019-ல் இன்டெல்லும் நெட்ஃபிளிக்ஸும் கைகோத்து உருவாக்கிய எஸ்விடி-ஏவி1 என்கோடர் அந்த எண்ணத்தை மாற்றத் தொடங்கியது. புதுத் தரத்தின் முதல் ஆண்டு வேகத்தை அதன் நிரந்தரக் குணமாக எடுத்துக்கொள்வது, நடக்கக் கற்கும் குழந்தையைப் பார்த்து ஓடவே மாட்டாது என்று சொல்வதற்குச் சமம்.

கடைசியாக, சாதாரணப் பயனர் ஏன் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும், மென்பொருளே தீர்மானிக்கக் கூடாதா என்ற கேள்வி. எக்ஸ்264 உருவாக்கியவர்கள் அந்தத் திசையில் நேர்மையான ஒரு படி எடுத்தார்கள். நூற்றுக்கு நெருங்கிய செட்டிங்குகளைப் பத்துப் பிரீசெட்டுகளாகக் கட்டினார்கள். ‘அல்ட்ராஃபாஸ்ட்’ முதல் படி. கடைசிப் படிக்கு ‘பிளாசிபோ’ என்று பெயரிட்டு, அதில் கூடும் நேரத்துக்கு ஈடான பலன் கண்ணுக்குத் தெரியாது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால், பத்தில் எந்தப் படியில் நிற்பது என்பதை மென்பொருளால் முடிவு செய்ய முடியாது. அந்த வீடியோவை எத்தனை பேர் பார்க்கப்போகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஒரு ஜிபி கோப்பை, கூடுதலாக நான்கு மணி நேரம் தேடிப் பத்து சதவீதம் குறைத்ததாக வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பேர் பார்க்கும் படம் என்றால் மிச்சமாவது நூறு டெராபைட். பலவீனமான இணைப்பில் இருக்கும் ஒருவருக்குப் படம் நிற்காமல் ஓடுவதும் அந்தக் கணக்கில் சேரும். ஐம்பது உறவினர்கள் பார்க்கும் திருமண வீடியோ என்றால் மிச்சம் ஐந்து ஜிபி. அந்த நான்கு மணி நேர மின்சாரத்துக்கு அது ஈடாகாது. முதலாவதில் தாமதம் பலருக்கும் பயன்படும் முதலீடு, இரண்டாவதில் வீண் செலவு. அன்று நாடாவை மையத்துக்கு அனுப்புவதா, மேசையிலேயே முடித்துவிடுவதா என்று யோசித்தவர் எடைபோட்டதும் இதே கணக்கைத்தான். தாமதம் எங்கே இருக்கிறது என்று அளந்து பார்ப்பதும், அது அங்கே இருக்கத் தகுந்ததா என்று கேட்பதும் இன்றும் மனிதர் செய்ய வேண்டிய வேலை. இரண்டையும் செய்தபின் வாங்கும் மிஷின்தான் கொடுத்த விலைக்கு வேலை செய்யும்.